‘தெளிவு’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? முதன்முதலாக ஆங்கிலக் கடிதம் எழுதப்போகும் மலையகத்தவருக்கு

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அம்மாவின் சேவைக்காலப் பணத்துக்காக, அதாவது பணிக்கொடைக்காக, தோட்டக் கம்பனிக்கு நான் எழுதிய முதல் ஆங்கிலக் கடிதத்தில் என்னை நானே அம்மாவின் ‘அப்பேரன்ட் டோட்டர்’ என்று குறிப்பிட்டிருந்தேன். அகராதியில் அப்பேரன்ட் என்ற சொல்லுக்கு எதிரே ‘தெளிவாகத் தெரிகிற’ என்று போட்டிருந்தது. பெற்ற மகள் என்பது தெளிவாகத் தெரிகிற விஷயம்தானே என்று எழுதிவிட்டேன். கொழும்பில் அதைப் படித்தவர்களுக்கு அது ‘மகள் போலத் தோன்றுகிறவள்’ என்று பட்டிருக்கிறது. நான் மகள்தான் என்பதற்கு ஆதாரம் அனுப்பும்படி பதில் வந்தது.

இரண்டாவது கடிதத்தில் இன்னும் மோசம். தோட்டத்துக் கணக்கில் குழப்பம் எதுவும் இல்லை என்று சொல்ல நினைத்து, அம்மாவின் ‘அக்கவுன்ட் இஸ் கிளியர்’ என்று எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு கணக்கு கிளியர் என்றால் அதில் பாக்கி இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். பணம் கேட்டு எழுதிய கடிதத்திலேயே எனக்கு ஒன்றும் வரவேண்டியதில்லை என்று எழுதிக்கொடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது பதிலில் ‘அன்அம்பிகியுவஸ்’ வாக்குமூலம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டைப் அடிக்கும் கடைத் தம்பி, “அதுவும் கிளியர்தான் அக்கா” என்றான். அகராதியும் அதையே சொன்னது. அதில்தான் சிக்கலே. கிளியர், பிளேன், எக்ஸ்பிளிசிட், டிஸ்டிங்க்ட், எவிடென்ட் என்று எதைத் தேடினாலும் நமது அகராதிகள் ‘தெளிவான’ என்று ஒரே பதிலைத் தருகின்றன. ஆங்கிலத்தில் அவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்த எனக்கு இது புரிய எட்டு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு பிற்பகல் போதும் என்று நினைக்கிறேன்.

1. ஆங்கிலம் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

நம் நாட்டில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம், தொழில் அலுவலகம் ஆகியவற்றுக்குத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதினால் பதில் தாமதமாகும் என்று யாராவது பயமுறுத்தினால், தப்பான ஆங்கிலத்தில் எழுதி நான் எட்டு மாதம் இழந்த கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.

ஆங்கிலம் தேவைப்படும் இடங்கள் வேறு: தோட்டக் கம்பனிகளின் கொழும்புத் தலைமை அலுவலகம், வெளிநாட்டுத் தூதரகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், வெளிநாட்டு முதலாளி, சில காப்புறுதி நிறுவனங்கள். எனக்கு வாய்த்தது முதலாவது.

2. சொல்லைத் தேடுமுன் ஆவணங்களைப் பரப்புங்கள்

பெயர் வித்தியாசக் கடிதம், அதாவது ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறியிருப்பதை விளக்கும் கடிதம் என்றால் தேவைப்படுபவை: பிறப்புச் சான்றிதழ் அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதியின் பி அட்டை (அங்கத்தவர் அட்டை), பழைய சம்பளத் துண்டு ஏதாவது இருந்தால் அதுவும், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். தோட்ட அலுவலகத்தில் செக்ரோலில் (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேட்டில்) எந்தப் பெயர் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் இறக்குங்கள். அம்மாவின் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை, லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் அது எல், ஈ, டி என்று தொடங்கியது. அடையாள அட்டையில் எல், ஏ, கே என்று தொடங்கியது. பி அட்டையில் முன்னால் தாத்தாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறப்புப் பதிவிலோ பெயர் சிங்கள எழுத்தில் இருந்தது, ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது நான்காவது எழுத்துக்கூட்டு ஒன்று பிறந்தது. பெயர் ஒன்று, உருவம் நான்கு. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரைக் கேட்டாலும் ஆள் ஒன்றுதான் என்று சொல்வார்கள், காகிதத்துக்கு அது தெரியாதே.

3. உங்களுக்கு வேண்டியது எந்தத் தெளிவு?

நான் கடைசியில் கற்றுக்கொண்ட முறை இது. ஆங்கிலச் சொல்லில் தொடங்காமல், ‘எது, எந்த வகையில் தெளிவு?’ என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி சொல்லைத் தானாகக் கொண்டுவந்துவிடும்.

கண்ணுக்குத் தெளிவு. கையெழுத்து, முத்திரை, போட்டோ கொப்பி ஆகியவற்றைப் பற்றியது என்றால் சொல் லெஜிபிள். எழுத்துகளைப் பிரித்து வாசிக்க முடிகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எழுதியிருப்பது புரிகிறதா, உண்மையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கம்பனியின் பதிலில் ‘இல்லெஜிபிள்’ என்ற சொல் இருந்தால் பதற வேண்டாம். கொப்பி மங்கலாக இருக்கிறது, நல்ல கொப்பி அனுப்புங்கள் என்கிறார்கள். நானோ அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இரண்டு பக்க விளக்கம் எழுதி அனுப்பினேன், அதே மங்கலான கொப்பியுடன். ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகத் தெரிவதற்கு டிஸ்டிங்க்ட். இரண்டு கையொப்பங்கள் வேறு வேறு என்று பிரித்துச் சொல்லவும் அதே சொல்தான். அதோடு ஒரு வால் சேர்ந்து ‘டிஸ்டிங்க்டிவ்’ ஆனால், தனக்கே உரிய அடையாளம் கொண்டது என்று பொருள் மாறிவிடும்.

புரிவதற்குத் தெளிவு. இங்கேதான் கிளியர், பிளேன், லூசிட் மூன்றும் வருகின்றன. பிளேன் என்ற சொல்லை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. காலையில் குடிக்கிற பிளேன்டீயில் உள்ள பிளேன்தான் அது: பால் கலக்காதது. ‘பிளேன் இங்கிலிஷ்’ என்றால் அலங்காரமும் சட்டச் சொற்களும் கலக்காத ஆங்கிலம். உங்கள் கடிதம் இப்படி இருந்தால் போதும். லூசிட் என்பது கொஞ்சம் உயர்ந்த சொல், இன்னொருவர் எழுதிய விளக்கத்தைப் பாராட்டப் பயன்படும். ‘என் லூசிட் கடிதத்தைப் பாருங்கள்’ என்று நம்மைப் பற்றி நாமே எழுதினால் சிரிப்பார்கள். நோயாளியின் அறிவு தெளிவாக இருக்கிறது என்று சொல்ல டொக்டர்களும் இதைப் பயன்படுத்துவார்கள். வயதானவர்களிடம் சத்தியக்கடதாசி (‘அஃபிடவிட்’ என்னும் சத்திய வாக்குமூலம்) வாங்கும்போது அந்த அர்த்தத்தில் வரக்கூடும்.

வாயைத் திறந்து சொன்ன தெளிவு. நமக்கு ‘சொல்லாமலே தெரியும்’ என்பது பெருமை. ஆங்கில அலுவலகக் கடிதத்தில் சொல்லாதது இல்லாததற்குச் சமம். குறிப்பாக உணர்த்தாமல், வெளிப்படையாக வார்த்தையில் சொல்லியிருப்பதற்கு எக்ஸ்பிளிசிட். சினிமாவில் ஆபாசக் காட்சியையும் இதே சொல்லால் குறிப்பார்கள். காரணம் ஒன்றுதான், மறைக்காமல் காட்டுவது. சட்டக் காகிதங்களில் இதற்கு எக்ஸ்பிரஸ் என்று போடுவார்கள். ‘எக்ஸ்பிரஸ் கன்சென்ட்’ என்றதும் எனக்குக் கொழும்பு பஸ் நினைவுக்கு வந்து, சம்மதத்தை விரைவாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சம்மதத்தை வார்த்தையில் கொடு என்பதுதான் அது.

வேறு அர்த்தம் எடுக்க முடியாத தெளிவு. என்னை அலைக்கழித்த அன்அம்பிகியுவஸ் இதுதான். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் அது அம்பிகியுவஸ். இடமில்லை என்றால் முன்னால் ‘அன்’ சேர்கிறது. ஒரு கடிதம் நன்றாகப் புரிந்தும் அம்பிகியுவஸாக இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். ‘அவர் 1989இல் தோட்டத்துக்கு வந்தார்’ என்ற வரி யாருக்கும் புரியும். குடிவந்தாரா, வேலைக்கு வந்தாரா? அதில்தான் பணம் இருக்கிறது.

இதற்குப் பக்கத்து வீட்டில் இருப்பவை இரண்டு. அன்இக்விவொகல் என்பது வாக்கியத்தைவிட ஆளின் நிலைப்பாட்டைப் பற்றியது: மழுப்பாமல், பட்டும் படாமலும் பேசாமல், ஆம் என்றால் ஆம் என்பது. துரை, அதாவது தோட்ட முகாமையாளர், கொடுக்கும் கடிதம் ‘இவராக இருக்கலாம்’ என்று இழுக்காமல் ‘இவரே’ என்று சொல்ல வேண்டும் என்றால் இந்தச் சொல். கெட்டகொரிகல் அதைவிடக் கடுமையானது. நிபந்தனையோ விதிவிலக்கோ இல்லாமல் அடித்துச் சொல்வது, பெரும்பாலும் மறுப்புக்குப் பயன்படுவது. ஒரு குற்றச்சாட்டை மறுக்கும்போது அது பொருந்தும். நீங்கள் காசு கேட்கப் போகிறீர்கள், சண்டைக்கு அல்ல. அதை அகராதிப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

அளவில் தெளிவு. ஸ்பெசிஃபிக் என்றால் பொதுவாகப் பேசாமல் இன்னது என்று குறிப்பிடுவது: ‘தோட்டம்’ என்று நிறுத்தாமல் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று சொல்வது. பிரிசைஸ் என்றால் நுணுக்கமான அளவு. அக்கியுரேட் என்றால் சரியானது. கடைசி இரண்டையும் குழப்பாதீர்கள். ‘34 வருடம் 7 மாதம் 12 நாள்’ என்பது பிரிசைஸ். வேலைக்குச் சேர்ந்த தேதியையே தப்பாக எடுத்திருந்தால் அது அக்கியுரேட் ஆகாது. நுணுக்கமாகத் தப்பு செய்யவும் முடியும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் சேவை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். ‘முப்பது வருடத்துக்கு மேல்’ என்று எழுதினால் அந்த ‘மேல்’ யாருடைய கணக்கில் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டெஃபினிட் என்றால் உறுதியான, திட்டவட்டமான. டெஃபினிட்டிவ் என்றால் இனி மாற்ற இடமில்லாத முடிவானது. இந்த இடத்தில் தோட்டத்தவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பிறப்புப் பதிவு இல்லாத நம் மூத்தவர்கள் பலரிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ். அந்தக் காகிதமே ‘உத்தேசம்’ என்று சொல்லும்போது, கடிதத்தில் டெஃபினிட் என்றோ எக்ஸக்ட் என்றோ பிறந்த தேதியை எழுதினால் இரண்டும் மோதும். சான்றிதழில் உள்ளபடி என்று மட்டும் எழுதி, தேதியைப் போடுங்கள்.

சான்றால் தெளிவு. ஆதாரத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்பதற்கு எவிடென்ட். இது பாதுகாப்பான சொல். ஒப்வியஸ் என்பதும் அதே பொருள்தான், ஆனால் அதில் ‘இதுகூடத் தெரியவில்லையா?’ என்ற தொனி ஒளிந்திருக்கிறது. உத்தியோகத்தருக்கு எழுதும்போது அது வேண்டாம். அப்பேரன்ட் பற்றி நான் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டேன். விதி இது: வாக்கியத்தின் கடைசியில், ‘இஸ்’ போன்ற சொல்லுக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் ‘தெரிகிறது’ என்று பொருள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ‘தோற்றத்துக்கு மட்டும்’ என்று பொருள். மகளுக்கு முன்னால் அதை ஒட்டாதீர்கள்.

டிரான்ஸ்பேரன்ட், ஸ்ட்ரெயிட்ஃபோர்வர்ட், கிளியர்-கட் என்று இன்னும் சில உண்டு. முதலாவது ஒளிவுமறைவில்லாத நடைமுறைக்கு, அடுத்தது சிக்கலில்லாத காரியத்துக்கு, மூன்றாவது இரண்டு பக்கமும் கோடு போட்டுப் பிரித்தது போன்ற விஷயத்துக்கு. நம் கடிதத்துக்கு இவை அபூர்வமாகவே தேவைப்படும்.

அகராதி பார்க்கும்போது பொருளை மட்டும் பார்க்காமல் உதாரண வாக்கியங்களைப் பாருங்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று உதாரணத்தைப் படித்தால் சொல் யாரோடு பழகுகிறது என்று தெரிந்துவிடும்.

4. எழுதியபின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள்

இவ்வளவு சொற்களையும் சொல்லிவிட்டு இதைச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் தேவைப்படாது. இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக அவர்களுடைய கடிதத்தைப் படிப்பதற்கு. என்ன கேட்கிறார்கள் என்று புரிந்தால், கேட்டதைக் கொடுக்கலாம்.

என் மூன்றாவது கடிதத்தில் ‘கிளியர்லி’ ஒன்பது இடத்தில் இருந்தது. தெளிவாக அறிவிக்கிறேன், தெளிவாக உறுதிப்படுத்துகிறேன், தெளிவாக வேண்டுகிறேன். நீதிமன்றத்துக்கு அருகில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், சிவப்புப் பேனாவால் ஒன்பதையும் வெட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “பிள்ளை, இப்போது மிச்சம் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்” என்றார். என்ன பெயர், எந்த வருடம், எந்த எண் என்ற ஒன்றுமே அதில் இல்லை.

நான்காவது கடிதத்தில் கிளியர் என்ற சொல்லே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு அட்டவணை போட்டேன். முதல் நிரலில் ஆவணம், இரண்டாவதில் அதன் எண், மூன்றாவதில் அதில் உள்ள பெயர், எழுத்து மாறாமல். கீழே ஒரே வரி: இந்த நான்கு பெயர்களும் ‘வன் அண்ட் த சேம் பர்சன்’, அதாவது ஒரே ஆளைக் குறிப்பவை. பெயர் வித்தியாசத்துக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகப் போடும் தொடர் இது. அதைக் கூட்டவோ குறைக்கவோ அழகுபடுத்தவோ வேண்டாம், அப்படியே எழுதுங்கள்.

5. இரண்டாவது அர்த்தத்தைத் தேடுங்கள்

உங்கள் மேல் நம்பிக்கை இல்லாத ஒருவரின் கண்ணால் கடிதத்தைப் படியுங்கள். வீட்டில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். எனக்கு என் அண்ணி.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04/1968 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. தலைமை அலுவலகத்தில் யார் எந்தப் பழக்கத்தில் படிப்பார்கள் என்று தெரியாது.

‘சென்ற மாதம்’, ‘வருகிற வெள்ளி’ போன்றவற்றை விட்டுவிட்டு நாளைச் சொல்லுங்கள். கடிதம் மலையிலிருந்து இறங்கி, மேசை மாறி, படிக்கப்படும்போது சென்ற மாதம் வேறொரு மாதமாகிவிடும்.

‘அவர்’ என்ற நம் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மொழிபெயர்க்கும்போது யாராவது ‘ஹி’ போட்டுவிட்டால் அம்மா அப்பாவாகிவிடுவார். ‘ஷி’ என்று போட்டாலும், கடிதத்தில் இரண்டு பெண்கள் இருந்தால் எந்த ஷி என்று தெரியாது. பெயரையே திரும்ப எழுதுங்கள், காதுக்கு நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உறவுமுறை இதைவிடச் சிக்கல். தமிழில் நாம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறோமோ அந்த அளவுக்கு ஆங்கிலம் இங்கே அலட்சியம். பெரியம்மா, சின்னம்மா, அத்தை, மாமி எல்லோரும் அங்கே ஒரே ஆன்ட்டி. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த பெரியம்மா சாட்சிக் கடிதம் கொடுத்தார். ‘ஆன்ட்டி’ என்று டைப் செய்ததால், அப்பா வழியா, அம்மா வழியா, இரத்த உறவா, லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரரா என்று கேள்வி வந்தது. ‘அம்மாவின் மூத்த சகோதரி’ என்று விரித்து எழுதுங்கள். மாமா, தம்பி, அண்ணன் என எல்லாவற்றுக்கும் இதே முறை.

6. டைப் அடிக்கும் கடையில் நில்லுங்கள்

கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விடாதீர்கள். இந்தச் சொற்களில் பாதிக்கு, ஒரு துண்டு விழுந்தால் பொருள் தலைகீழாகிவிடும். அன்அம்பிகியுவஸில் ‘அன்’ விடுபட்டால், ‘இது இருபொருள்பட்ட வாக்குமூலம்’ என்று நீங்களே கையெழுத்து வைப்பீர்கள். லெஜிபிள் என்பதைக் கணினி தானாகவே எலிஜிபிள் என்று திருத்திய கதையும் என்னிடம் உண்டு. எலிஜிபிள் என்றால் தகுதியுள்ள. ‘இணைத்துள்ள கொப்பி தகுதியுள்ளது’ என்று ஒரு கடிதம் போயே போய்விட்டது.

அச்செடுக்குமுன் திரையிலேயே பெயர்களை எழுத்தெழுத்தாக உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு பக்கத்துக்குக் காசு கொடுத்தாவது நேரம் வாங்குங்கள்.

7. சத்தியக்கடதாசி

கடிதம் போதாது, சத்தியக்கடதாசி வேண்டும் என்றால் சமாதான நீதவானிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ போக வேண்டும். கையெழுத்தை அவர் முன்னால்தான் வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள், எனக்கு ஒரு நாள் அப்படிப் போனது.

சமயத்தைப் பொறுத்து முதல் வரி மாறும். இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் உறுதியுரை செய்வதாக ‘அஃபர்ம்’ என்று வரும். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வதாக ‘ஓத்’ என்று வரும். பழைய மாதிரியைப் பார்த்து அடிக்கும் கடைகளில் இது மாறிப்போவது சகஜம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, கடதாசியின் முடிவில் ‘வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டார்’ என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரியைப் போட்டுவிட்டு விளக்காமல் விடாதீர்கள். நான் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது பந்தியில் அம்மா நிறுத்தி, “நான் வேலைக்குப் பெயர் கொடுத்தது அந்த வருடம் இல்லையே, அதற்கு முந்தின வருடம் தீபாவளிக்குப் பிறகு” என்றார். இவ்வளவு கடிதம் எழுதியும் அந்தத் தேதியை அவரிடம் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. தோட்ட அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பழைய புத்தகத்தைப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் சரி. ஒரு வருடம் கூடியது, அதாவது இன்னும் 14 நாள் சம்பளம்.

கைநாட்டு வைப்பவராக இருந்தால் அதையும் நீதவானிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கேற்ற வாசகம் சேர்க்க வேண்டும். தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். நினைவில் இல்லாத தேதியை ஊகித்து நிரப்பாதீர்கள்.

8. செலவு, காலம், தபால்

நான் கொடுத்தது: பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க 1,500 ரூபாய், சத்தியக்கடதாசிக்கு 50 ரூபாய் முத்திரை, டைப்புக்கும் கொப்பிக்கும் நான்கு முறையும் சேர்த்து 2,000 ரூபாய்க்குக் கிட்ட. நான் போன சமாதான நீதவான் காசு வாங்கவில்லை. இவற்றைவிடப் பெரிய செலவு, கொழும்புக்குப் பஸ்ஸில் இரண்டு முறை போய் வந்தது. இரண்டும் வீண், ஏனென்றால் வரவேற்பறையில் இருந்தவர் எழுத்தில் தரச் சொல்லி இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார். விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடும், முதலில் கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, பெயரை எந்த எழுத்துக்கூட்டில் எழுத வேண்டும் என்று அடையாள அட்டையின் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி ஐந்தாவது எழுத்துக்கூட்டு ஒன்றை உருவாக்கிவிடுவார்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆவணங்களைச் சேர்க்க இரண்டு வாரம், மொழிபெயர்ப்புக்கு நான்கு நாள், கடிதமும் சத்தியக்கடதாசியும் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பணிக்கொடை, சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுபட வேண்டும். அந்த 30 நாளை நினைவூட்டி, சேவை முடிந்த தேதியைப் போட்டு, கடைசிப் பந்தியில் ஒரு வரி எழுதுங்கள், கோபம் காட்டாமல்.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் கொப்பியோடு பின் செய்து வையுங்கள். மூல ஆவணம் எதையும் அனுப்பாதீர்கள், உறுதிப்படுத்திய கொப்பி போதும். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பற்றுச்சீட்டு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு சிறு நினைவூட்டல். அதற்கும் அசைவில்லை என்றால் முழுக் கட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே தமிழில் எழுதலாம்.

என் நான்காவது கடிதத்துக்குப் பதில் ஐந்தாவது வாரத்தில் வந்தது. அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்துக் கொப்பியை அனுப்பச் சொல்லியிருந்தார்கள், ‘லெஜிபிள்’ கொப்பியாக. இந்த முறை விளக்கம் எழுதவில்லை. கடையில் நல்ல மெஷினைப் பார்த்து, பெயரின் கடைசி எழுத்துவரை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.